சாயம் பூசிய மீன்

தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மலையூரான ஹட்டனில் நின்றுகொண்டு மாண்டரின் என்ற கடல் மீனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. சரி, காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். அங்கே கரையோரக் கிளையில் மீன்கொத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதுகு பளீரென்ற நீலம். ஆனால் அந்த இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடித்துக் காட்டுகிற வித்தை அது. இறகை அரைத்துத் தூளாக்கினால் நீலம் காணாமற் போய்விடும். விலங்குகளிடம் நாம் காணும் நீலம் பெரும்பாலும் இப்படித்தான்.

மாண்டரின் மீனின் நீலம் வேறு. அதன் தோலில் நீல நிறமியையே சுமக்கும் உயிரணுக்கள் இருப்பதை 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீல உடம்பில் செம்மஞ்சள் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடும். இவ்வளவு ஆடம்பரமும் ஒரு விரல் நீளத்துக்குள்! மேற்குப் பசிபிக்கின் பவளப்பாறைகள்தான் அதன் ஊர். நம் நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் தேடினால் கிடைக்காது.

இப்படி மின்னுகிற மீனை வேறு மீன்கள் விழுங்கிவிடாதா? விழுங்கிப் பார்க்கட்டும்! இதற்குச் செதில் இல்லை. உடம்பு முழுக்கக் கெட்ட வாடையும் கசப்பும் கொண்ட வழுவழுப்பு. 'என்னைத் தொடாதே' என்று அந்த நிறம் சொல்கிறது. மற்ற மீன்களுக்கு அது விளங்குகிறது. மனிதர்தான் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வாங்கியபின் நடப்பதைச் சொல்லத்தான் வந்தேன். முற்றத்தில் மேய்கிற கோழிமாதிரி இந்த மீன் பாறையோரமாக நகர்ந்து நகர்ந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிற்றுயிர்களை நாள் முழுக்கக் கொத்தித் தின்னும். கடையில் விற்கிற உருண்டைத் தீனியைப் போட்டால் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. நிறம் மங்காமலே வயிறு ஒட்டிப்போகும். தொட்டி அழகாக இருக்கிறதென்று வீட்டார் பூரித்துக்கொண்டிருக்க, மீன் பட்டினியில் செத்துக்கொண்டிருக்கும். அப்புறம், நம் ஊர்க் குளிர் வேறு. வெப்பக் கடலின் மீன் இது. ராத்திரியில் கரண்ட் போய் ஹீட்டர் நின்றால் என்ன ஆகும்?

அப்படியும் வளர்த்தே தீருவேன் என்பவர்கள், கடலில் பிடித்ததை விட்டுவிட்டு, தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த மீனாகக் கேளுங்கள். அதிலும், கடைக்காரர் தீனி போட்டு, அது தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே காசை எடுங்கள். வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னால் மெலிந்திருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.