எட்டு எபிசோடு பார்க்க வைத்து ஏமாற்றிவிட்டார்கள்! திரில்லர், ஃபேன்டசி பற்றி மனம் விட்டு ஒரு பேச்சு

வணக்கம் மக்களே. மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் பேசுகிறேன், கச்சான் காற்று மைக்கில் அடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே வீட்டுக்குள் டவர் எடுக்காது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரில், தெரு முழுக்க அதே பாடுதான். இன்றைக்குத் தனுஷ்கோடி வீடியோவின் இரண்டாம் பாகம் போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம் வரும். ஏனென்றால் நேற்று ராத்திரி ஒரு திரில்லர் வெப் சீரிஸ் பார்த்து முடித்தேன், அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆர்வத்தில் போய்ப் பார்ப்பீர்கள், எனக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும். ஆனால் காசு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஆப்புக்கு மாதம் 149 ரூபாய். கட்டி முடித்த பிறகுதான் தெரிகிறது, அது மொபைலுக்கு மட்டுமான திட்டமாம், டிவியில் ஓடாதாம். பணம் கட்டும் இடத்தில் அதைப் பெரிய எழுத்தில் போட வேண்டுமா இல்லையா? சரி, போனிலேயே பார்ப்போம் என்று உட்கார்ந்தால், பாதியில் அன்றைய டேட்டா தீர்ந்து அதற்குத் தனியாக ஒரு ரீசார்ஜ். அதையும் போட்டேன். போட்ட பிறகும் சுற்றிக்கொண்டே நிற்கிறது, மேலே ஏறி வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் ஓடுகிறது. அந்த 149 ரூபாய்க்குச் சூடை மீன் வாங்கியிருந்தால் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். கதை நன்றாக இருந்திருந்தால் இந்தக் காசைப் பற்றி வாய் திறந்திருக்கவே மாட்டேன், புத்தகத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் நான் முனகியதில்லை, பார்த்திருக்கிறீர்கள்.

விஷயம் இதுதான். மூன்றாவது எபிசோடில் ஒருவன் தன் அறையில் தனியாக இருக்கிறான். கதவு பூட்டியிருக்கிறது, கூட யாரும் இல்லை. கொலைகாரன் தன்னைத் தேடி வருவானோ என்று நடுங்குகிறான், ஜன்னலை இரண்டு தடவை சரிபார்க்கிறான், அழுகிறான். எட்டாவது எபிசோடில் அவன்தான் கொலைகாரன் என்கிறார்கள். அப்படியானால் அந்த அறையில் அவன் யாருக்காக நடித்தான்? அங்கே இருந்தது கேமரா மட்டும்தானே! அவனுக்கு மறதி நோய், அதனால் தெரியாது என்று ஏதாவது சொல்லியிருந்தாலும் ஒரு மாதிரி ஏற்றுக்கொள்ளலாம், அதுவும் இல்லை. எனக்காக, என்னை ஏமாற்றுவதற்காக மட்டுமே எடுத்த காட்சி அது. கதாபாத்திரம் பொய் சொல்லட்டும், போலீஸ் பொய் சொல்லட்டும், ஊரே பொய் சொல்லட்டும். கேமரா சொல்லக் கூடாது.

இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் சித்தப்பா என்னோடு பேச மாட்டார். கதை நடப்பது ஒரு கடற்கரை ஊரில், திரையில் தேதி போடுகிறார்கள், மே 10 என்று. கொலை நடந்த ராத்திரி தான் விசைப்படகில் கடலுக்குள் இருந்ததாக ஒருவன் சொல்கிறான், போலீசும் அதை நம்பி அவனை விட்டுவிடுகிறது. மே மாதத்தில் எந்த விசைப்படகு கடலுக்குப் போனது? ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கிழக்குக் கரை முழுக்க விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். நாட்டுப்படகு போகலாம், விசைப்படகு போகாது. நான் அந்த இடத்தில் துள்ளி எழுந்தேன், ஆகா, இதுதான் துப்பு, இவன் பொய்யை இப்படிப் பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கடைசி வரைக்கும் யாரும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எழுதினவருக்கே தெரியவில்லை! இத்தனை அருமையான துப்பு கையில் கிடந்தும் விட்டுவிட்டார்கள். பேச்சு வழக்கு பற்றி நான் சொல்லவே போவதில்லை, மீனவர் வீட்டு ஆட்கள் எல்லோரும் வடசென்னையில் பிறந்த மாதிரிப் பேசுகிறார்கள்.

இதை எதோடு ஒப்பிடுகிறேன் என்றால், 1954-இல் வந்த ‘அந்த நாள்’. எஸ். பாலசந்தர் இயக்கிய படம், பாட்டே கிடையாது, அந்தக் காலத்தில் பாட்டு இல்லாமல் தமிழ்ப் படம் எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் யோசியுங்கள். 1943-இல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயத்துக் கதை. படம் ஆரம்பித்ததும் சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போகிறார். ஹீரோவையே முதலில் கொன்றுவிட்டு, அப்புறம் ஒவ்வொருவராக வந்து, யார் சுட்டிருக்கலாம் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இப்போது கவனியுங்கள், அங்கேயும் நாம் உண்மையில் நடக்காததைத் திரையில் பார்க்கிறோம். ஆனால் அது ஒவ்வொன்றும் ஒரு ஆளின் வாய்வழியாக வருகிறது, அவருக்கு ஒரு சந்தேகமோ பகையோ இருக்கிறது, அதனால் அப்படிச் சொல்கிறார். படம் நம்மிடம் நேர்மையாக இருக்கிறது. கொலையாளி யார் என்று இப்போதும் சொல்ல மாட்டேன், இத்தனை வருடம் ஆனாலும் ஸ்பாய்லர் ஸ்பாய்லர்தான்.

புதுப் படங்களில் ‘துருவங்கள் பதினாறு’ எனக்கு அவ்வளவு பிடிக்கும், 2016-இல் அதை எடுத்தபோது கார்த்திக் நரேனுக்கு 22 வயசு, அதை நினைத்தாலே பொறாமையாக இருக்கிறது. ‘மகாராஜா’ பற்றி எனக்கும் சித்தப்பா பையனுக்கும் சண்டையே நடந்தது. குப்பைத்தொட்டி காணவில்லை என்று ஸ்டேஷனில் புகார் கொடுக்கும் முடிதிருத்துபவர் கதை, 2024-இல் வந்தது. காலத்தைக் கலைத்துப் போட்டது ஏமாற்று வேலை என்பது அவன் கட்சி. நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். திரும்பப் பாருங்கள், எந்தக் காட்சியும் பொய் இல்லை, வரிசைதான் மாறியிருக்கிறது, வரிசையை நாமாகத்தான் கற்பனை செய்துகொள்கிறோம். சீட்டைக் கலைக்கலாம், சீட்டுக்கட்டில் இல்லாத சீட்டைச் சட்டைக்குள்ளிருந்து எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

‘ராட்சசன்’? பதறிப் பதறிப் பார்த்தேன். சினிமா எடுக்க ஆசைப்பட்டுக் கொலைகாரர்களைப் பற்றிச் சேகரித்து வைத்திருந்த ஒருவனே போலீஸ் ஆகி, அந்தச் சேகரிப்பே பிறகு உதவுவது அழகான வேலை. ஆனால் அந்தக் கொலைகாரனுடைய சின்ன வயசுக் கதை எனக்கு ஆகவே ஆகாது. உடம்பில் குறையோடு பிறந்து கேலிக்கு ஆளான பிள்ளை வளர்ந்தால் கொலைகாரன் ஆகிவிடுமா? அதைப் பார்த்துக் காப்பியடித்த மாதிரி அப்புறம் எத்தனை படத்தில் அதே அனாதைச் சிறுவன், அதே கறுப்பு வெள்ளைக் காட்சி. போதும், தயவுசெய்து நிறுத்துங்கள்.

சரி, இப்போது ஃபேன்டசி. ‘உனக்கு இவ்வளவு லாஜிக் வேண்டுமென்றால் மந்திரவாதிக் கதை எப்படிப் படிக்கிறாய்?’ என்று போன வீடியோவுக்குப் பிறகு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். மந்திரக் கதைக்குத்தான் விதி இன்னும் கறாராக வேண்டும்! எங்கள் அப்பத்தா சொல்லும் கதையிலேயே அது இருக்கும். ராத்திரியில் வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்காதே, மூன்றாவது தடவை கூப்பிட்டால் மட்டும் கொடு, பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்பார். அந்த ஒரு விதி போதும், இரண்டாவது குரலுக்கும் மூன்றாவது குரலுக்கும் நடுவில் உயிர் போய் உயிர் வரும். நினைத்தபோதெல்லாம் கூப்பிடும் பேய் என்றால் அதில் என்ன பயம் இருக்கிறது?

ஹாரி பாட்டர் நாலாவது புத்தகம், 2000-இல் வந்தது, என் கணக்கில் அது முதல் தரமான துப்பறியும் கதை. படிக்காதவர்கள் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். மூடி என்ற அந்தப் புது ஆசிரியர் தன் சொந்தக் குப்பியிலிருந்து மட்டும்தான் குடிப்பார், யாராவது விஷம் வைத்துவிடுவார்கள் என்று பயம் என்பார்கள், நாமும் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவோம். இன்னொரு ஆளாக உருமாற்றும் பாலிஜூஸ் பானம் ஒரு மணி நேரம்தான் தாங்கும் என்பதை இரண்டாவது புத்தகத்திலேயே சொல்லியாயிற்று. அதற்கான பொருள் ஸ்னேப் என்ற ஆசிரியரின் அறையிலிருந்து திருடு போவதையும் சொல்லியாயிற்று. எல்லாம் நம் கண் முன்னால்தான் கிடக்கிறது! கடைசியில் அந்தக் குப்பியில் என்ன இருந்தது என்று தெரிந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அதே எழுத்தாளர்தான் மூன்றாவது புத்தகத்தில் காலத்தைத் திருப்பும் கருவியைக் கொண்டுவந்தவர். அந்தப் புத்தகத்துக்குள் அது பிரமாதம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கூடுதல் வகுப்புக்குப் போக அதைக் கொடுப்பார்கள் என்றால், அப்புறம் நடக்கும் ஒவ்வொரு சாவுக்கும் ‘ஏன் திரும்பிப் போய்க் காப்பாற்றவில்லை’ என்ற கேள்வி வந்துவிடுகிறதே. ஐந்தாவது புத்தகத்துச் சண்டையில் மந்திர அமைச்சகத்தில் இருந்த அந்தக் கருவிகளை எல்லாம் உடைத்துத் தள்ளினார்கள், அதைப் படித்தபோது, விட்ட ஓட்டையை அடைக்கிறார் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. பிடித்த எழுத்து என்பதால் சும்மா விட முடியாது, பிடித்திருப்பதால்தான் இவ்வளவு கோபம்.

விதி என்றால் வேதாளம்தான், அதை மிஞ்ச ஆள் இல்லை. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த அந்தப் படம் ஞாபகம் இருக்கிறதா, கையில் வாள், தோளில் பிணம்? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்கே போய்விடும். இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று. கடைசிக் கதையில் ஒரு அப்பாவும் மகனும், ஒரு மகளையும் அவள் அம்மாவையும் மாற்றிக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. விக்கிரமாதித்தனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, பேசாமல் நடக்கிறான், தலையும் வெடிக்கவில்லை, வேதாளமும் போகவில்லை. ஒரு விதியும் உடையாமல் கதை முடிகிறது பாருங்கள்! அதோடு நிற்கிறதா, அந்த வேதாளமே, உன்னை அனுப்பிய சாமியார் உன்னைப் பலி கொடுக்கப் போகிறான், விழுந்து கும்பிடச் சொன்னால் எப்படி என்று நீயே செய்து காட்டு எனக் கேள் என்று சொல்லித் தருகிறது. இதைவிட ஒரு திரில்லர் முடிவு எங்கே இருக்கிறது? ‘விக்ரம் வேதா’ 2017-இல் ஜெயித்ததற்குக் காரணமும் அதுதான், தாதா வேதா ஒரு கதை, ஒரு கேள்வி, போலீஸ் விக்ரம் பதில் சொன்னதும் ஆள் நழுவிவிடுவான், அந்தச் சட்டகத்தைப் புஷ்கர், காயத்ரி இரண்டு பேரும் கடைசிவரை விடவில்லை.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுதிய ஜார்ஜ் மார்ட்டின் பற்றி நான் பேச ஆரம்பித்தால் பேட்டரி தீர்ந்துவிடும். 1996-இல் முதல் புத்தகம், 2011-இல் ஐந்தாவது, ஆறாவதற்கு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறோம். சீரியல் 2019-இல் முடிந்த விதத்தை நான் முடிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை, அவர் எழுதட்டும், அதுதான் முடிவு.

நம் ஊர்ப் பக்கத்தை வைத்து யாராவது ஒரு ஃபேன்டசி எழுதுங்களேன் என்று இங்கே இருக்கும் எழுதுகிற பிள்ளைகளைக் கேட்கிறேன். ராமநாதபுரம் என்றாலே கருவேலங்காடு, அரிவாள், கடத்தல் என்று திரில்லர்காரர்கள் எழுதி எழுதிச் சலித்துவிட்டது. தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளேயே ஒன்பது கல் நிற்கிறது, இந்தப் பக்கம் பாக் நீரிணை, அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, ஒன்று அடங்கிக் கிடக்கும்போது இன்னொன்று கொந்தளிக்கும், இதற்கு மேல் என்ன வேண்டும்? தனுஷ்கோடியை மட்டும் பேய்ப்படத்துக்கு எடுக்காதீர்கள். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு போன சனங்கள் அவர்கள், எங்கள் பக்கம் பல வீட்டில் இன்றைக்கும் அந்த ராத்திரியைப் பேசுவார்கள், அங்கே இப்போதும் மீன் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. செத்துப்போன சனங்களை வெள்ளைச் சேலை கட்டி ஓட விடுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

காற்று ஏறிக்கொண்டே போகிறது, ஸ்டாண்டு ஆடுகிறது. ‘அந்த நாள்’ பார்க்காதவர்கள் இந்த வாரம் பாருங்கள், பார்த்துவிட்டுக் கொலையாளி யாரென்று எந்த நிமிடத்தில் சந்தேகம் வந்தது என்பதை மட்டும் எழுதுங்கள், பேர் எழுதினால் அழித்துவிடுவேன். அடுத்த வாரம் தனுஷ்கோடி.