மொட்டைமாடி வெப்பமும் கட்டட விதிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை மாதத்து இரவில், பத்து மணியளவில், மேல்மாடி அறையின் கூரைப் பூச்சில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பொழுது சாய்ந்து மூன்றரை மணி நேரம் கழிந்த பின்னும் அது வெதுவெதுப்பாகவே இருக்கும். பகல் முழுவதும் கான்கிரீட் தளம் வாங்கி வைத்துக்கொண்ட வெப்பம் இரவில்தான் அறைக்குள் இறங்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே நம்மீது வீசுகிறது. வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் கம்பியின் கனத்தைக் கேட்கிறார்கள், சிமெண்டின் தரத்தைக் கேட்கிறார்கள். கூரை வழியே எவ்வளவு வெப்பம் இறங்கும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அதற்கும் ஓர் அளவு உண்டு, அதை வரையறுக்கும் விதியும் உண்டு.

மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பரில் குடியிருப்புக் கட்டடங்களுக்கென வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் நெறிமுறைத் தொகுப்பில், கூரையின் ‘யு மதிப்பு’ 1.2க்கு மேல் போகக் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. கூரைக்கு மேலும் கீழும் ஒரு டிகிரி வெப்ப வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே யு மதிப்பு. எண் குறையக் குறைய வீடு குளிரும்.

நம் ஊர்களில் வழக்கமாகப் போடும் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் யு மதிப்பு ஏறத்தாழ 3.3. ஆயிரம் சதுர அடிக் கூரையில், பத்து டிகிரி வேறுபாட்டுக்குக் கணக்கிட்டால், சுமார் 3000 வாட் வெப்பம் உள்ளே வருகிறது. மூன்று இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி வீட்டுக்குள் வைத்ததற்கு அது சமம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதிக்கும் நம் பழைய முறை மழைநீரை வாட்டம் பார்த்து வடிப்பதற்கு மிக நல்லது, வெப்பத்தையும் ஓரளவு தணிக்கும். ஆனால் அதைச் சேர்த்தாலும் யு மதிப்பு இரண்டுக்குக் கீழே இறங்குவது கடினம். அதே தளத்தின் மேல் 25 மில்லிமீட்டர் கனமுள்ள, அடர்த்தியான தெர்மோகோல் வகை வெப்பக்காப்புப் பலகையைப் பதித்தால் யு மதிப்பு 1-க்கு அருகே வந்துவிடுகிறது. 3000 வாட் 900 ஆகிறது.

இந்தப் பலகையைத் தளத்துக்கு மேலேதான் பதிக்க வேண்டும். கீழே, உட்கூரையில் ஒட்டினால், தளம் வெயிலில் காய்ந்து விரிவதும் இரவில் சுருங்குவதும் நிற்காது. விரிசலும் கசிவும் தொடரும். மேலே பதிக்கும்போதும் முதலில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைப் பூசி, கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே தண்ணீரைத் தேக்கி வைத்துச் சோதித்த பிறகே பலகைக்குப் போக வேண்டும். நனைந்த காப்புப் பொருள் வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலைப் பெருமளவு இழந்துவிடும் என்பதால், இந்தச் சோதனைக்கு ஆகும் சில நாட்களை மிச்சப்படுத்த எண்ணுவது எனக்கு வருத்தமளிக்கும் வழக்கம். வெள்ளைப் பூச்சும் பயன் தருவதே; வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் தூசி படியப் படிய அதன் வலு குறையும், மீண்டும் மீண்டும் பூச வேண்டியிருக்கும்.

சுவருக்கும் சன்னலுக்கும் சேர்த்து அதே தொகுப்பில் வேறோர் அளவு இருக்கிறது. குளிர்ப் பகுதிகள் நீங்கலாக மற்ற தட்பவெப்ப மண்டலங்களில், கூரையைத் தவிர்த்த வெளிப்புறப் பரப்பின் வழியே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. மேற்குப் பார்த்த கண்ணாடிச் சன்னலுக்கு நீளமான சன்ஷேடு அமைப்பதே இந்த எண்ணைக் குறைக்கும் எளிய வழி.

காற்றோட்டத்துக்கான விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு வீட்டின் உட்தளப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது அது. அறுநூறு சதுர அடி வீட்டுக்கு நூறு சதுர அடித் திறப்பு. இரண்டு கதவுள்ள நகரும் சன்னல் பாதிதான் திறக்கும் என்பதால், கணக்கிலும் பாதியே சேரும். வரைபடத்தில் பெரிதாகத் தெரியும் சன்னல்கள் பல இங்கேதான் தவறிப் போகின்றன.

இந்த நெறிமுறை 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கென வகுக்கப்பட்டது. அரை கிரவுண்டில் வீடு கட்டுகிறவரை இது கட்டாயப்படுத்தாது. அவருடைய கூரைக்கும் அதே வெயில்தான். அடுக்ககத்தில் வாங்குகிறவரானாலும், தனிவீடு கட்டுகிறவரானாலும், கூரையின் யு மதிப்புக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பலகையின் கனத்தையும் அடர்த்தியையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடுங்கள். மேல்காரை போடும் நாளுக்கு முன்பே மாடிக்குப் போய், பதித்த பலகையின் ஓரத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்துவிடுங்கள். காரை மூடிய பிறகு அதைப் பார்க்க வழியில்லை.

வணக்கம்.