பக்கத்து மனையில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது உங்கள் மதிலுக்குச் சட்டம் தரும் உரிமை

[காட்சி: பகல் வெளிச்சத்தில் செட்டிநாட்டுத் தெரு, நீண்ட பக்கச் சுவரின் அடியிலிருந்து ஒளிப்பதிவு மெல்ல மேலே செல்கிறது]

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பழைய வீடு ஒன்றின் முகப்பு ஒரு தெருவில் இருந்தால், அதன் பின்கட்டு பெரும்பாலும் அடுத்த தெருவில்தான் முடிகிறது. அந்த நீளம் முழுக்க ஓடும் பக்கச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பப்பட்டது. முட்டை வெண்கரு சேர்த்து மெழுகிய பூச்சு இன்றும் பளபளக்கலாம். ஆனால் சுவரைத் தாங்குவது பூச்சு அன்று, அடியில் இருக்கும் மண். அந்த மண்ணில் ஒரு பகுதி உங்களுடையது அல்ல, பக்கத்து மனைக்காரருடையது. அவர் தம் பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழ்த்தளத்தோடு விடுதி கட்டுவதற்காக மதிலை ஒட்டிப் பத்தடி ஆழத்துக்கு ஜேசிபியால் தோண்டும்போது, உங்கள் அஸ்திவாரத்துக்கு அடியிலுள்ள மண்ணைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்த அணைப்பு போய்விடுகிறது. ஐப்பசி மழை ஒன்று பெய்தால் போதும், மண் குழிக்குள் சரியத் தொடங்கும்.

“என் இடத்தில் நான் தோண்டுகிறேன், உங்களுக்கு என்ன?” என்று அவர் கேட்பார். அதற்கான விடை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது; தம் நிலத்தின் பயன்பாட்டுக்காக ஒருவருக்கு அடுத்தவர் நிலத்தின் மேல் உள்ள உரிமையே வசதியுரிமை. அந்தச் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்கும் பொருந்துமாறு இயற்றப்பட்டது என்பதால் நமக்குப் புதியதும் அல்ல. இயற்கை நிலையிலுள்ள நிலத்துக்கு அண்டை நிலத்தின் தாங்கல் கிடைக்க வேண்டும் என்பது நில உரிமையோடு கூடவே பிறந்த உரிமை என்கிறது 7ஆம் பிரிவு. ஆனால் இது வெறும் நிலத்துக்கு மட்டுமே. மேலே சுவர் எழும்பி மண்ணின் மேல் பாரம் ஏறிய பிறகு, அந்தச் சுவருக்கான தாங்கலைத் தனியே ஈட்டியாக வேண்டும்: 15ஆம் பிரிவின்படி 20 ஆண்டுகள் இடையீடும் தகராறும் இல்லாமல் அதை அனுபவித்திருக்க வேண்டும்; அண்டை நிலம் அரசுடையது என்றால் 30 ஆண்டுகள். நூறாண்டு கண்ட மதிலுக்கு இது பெரிய தடை அன்று.

செட்டிநாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இன்று இரண்டாக நிற்கும் பல வீடுகள், பங்காளிகள் பாகம் பிரிக்கும் வரை ஒரே வீடாக இருந்தவை. தன் சொத்தின் மேல் தானே வசதியுரிமை ஈட்ட முடியாது என்பதால், பிரிவினை நடந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தால் 20 ஆண்டுக் கணக்கு கைகொடுக்காது. அங்கே துணைக்கு வருவது 13ஆம் பிரிவு. ஒட்டியிருக்கும் இரண்டு கட்டடங்களின் உரிமையாளர் ஒன்றை விற்றால், வாங்கியவருக்கும் விற்றவருக்கும் ஒருவர் கட்டடத்திலிருந்து மற்றவர் பக்கவாட்டுத் தாங்கல் பெறும் உரிமை உண்டு என்று அந்தப் பிரிவின் எடுத்துக்காட்டே சொல்கிறது; பாகப்பிரிவினையும் அதே பிரிவுக்குள் அடங்குகிறது. ஆகவே பாகப்பத்திரத்தைத் தேடி எடுங்கள். நான்கெல்லை விவரத்தில் ‘பொதுச்சுவர்’ என்று எழுதியிருக்கிறதா, ஒருவருக்கே உரிய சுவரா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பொதுச்சுவர் என்றால் மற்றவர் இசைவின்றி ஒருவர் அதை இடிக்க முடியாது.

[காட்சி: சுவரின் விரிசல் மிக அருகில், குறுக்கே ஒட்டிய கண்ணாடித் துண்டு]

உரிமை இருக்கிறது என்பதாலேயே இழப்பீடு கிடைத்துவிடாது. தாங்கலை அகற்றியதற்காக இழப்பீடு கேட்க, கணிசமான சேதம் உண்மையிலேயே நேர்ந்திருக்க வேண்டும் என்கிறது 34ஆம் பிரிவு. சேதம் நேர்ந்த பிறகோ, “சுவர் பழசு, தானாக விழுந்தது” என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். என் கருத்தில், இத்தகைய வழக்குகளில் சட்டநுணுக்கத்தைவிட இந்த வாதத்துக்குப் பதில் சொல்லும் சான்றே அதிகம் பேசும். ஜேசிபி வருவதற்கு முன்பே இருபக்கமும் சுவரைப் படம் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால், அதன் இரு முனைகளிலும் கோடிட்டுத் தேதி எழுதி, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பழைய விரிசல் எது, புதிதாகப் பிளந்தது எது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சுவர் விழும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்து மனைக்காரர் செய்யவிருக்கும் செயல் நடந்தால் உரிமை கெடுவது உறுதி என்று காட்ட முடிந்தால், 35ஆம் பிரிவின்படி தடையாணை கேட்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளை இடைக்காலத் தடைக்கு வழி தருகிறது. ஆத்திரத்தில் நீங்களே ஆள் வைத்துக் குழியை மூடிவிடாதீர்கள்; அதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. மற்றப் பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்களே என்று தயங்கவும் வேண்டாம். வெளியாரிடமிருந்து சொத்தைக் காக்கக் கூட்டுரிமையாளர் ஒருவரே வழக்குத் தொடுக்கலாம்.

வழக்கோடு சேர்த்தே, அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை 9ஆம் விதியின்கீழ் வழக்குரைஞர் ஆணையர் ஒருவரை அமர்த்தக் கோரி மனுப் போடுங்கள். அவர் நேரில் வந்து, குழியின் ஆழம், மதிலிலிருந்து அது இருக்கும் தூரம், விரிசலின் அகலம் ஆகியவற்றை அளந்து அறிக்கை தருவார். குழிக்குள் கான்கிரீட் இறங்கிய பிறகு வந்தால், முதல் இரண்டையும் அவரால் அளக்க முடியாது.