கியரை வேகமாக மாற்றினால் கிளட்ச் தேய்ந்துவிடுமா?

வணக்கம். கிளட்ச் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். "கியரை டக்கு டக்குன்னு மாத்துறேன், அதனாலதான் கிளட்ச் பிளேட் தேயுதாண்ணே?"

இல்லை. சொல்லப்போனால், கிளட்ச் போய்விடக் கூடாதே என்று பயந்து பெடலை அங்குலம் அங்குலமாக விடுகிறார்களே, அவர்கள் வண்டியில்தான் பிளேட் சீக்கிரம் தேயும்.

இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரம், பிரஷர் பிளேட் என்கிற அழுத்துகிற தட்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கிளட்ச் பிளேட் கியர்பாக்ஸோடு சேர்ந்தது. பெடலை முழுக்க மிதித்தால் பிளேட் விடுபட்டு நிற்கும், தேய்மானம் கிடையாது. முழுக்க விட்டால் இறுகப் பிடித்து எல்லாம் ஒன்றாகச் சுற்றும், அப்போதும் கிடையாது. நடுவில், ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்றி உரசுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் பிளேட்டைத் தின்கிறது.

செகண்ட் கியரில் 3000 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிற மாதிரி போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்ட் போட்டால் அதே வேகத்துக்குப் பல கார்களில் 2000 சொச்சம் போதும். அதாவது நீங்கள் கியர் மாற்றுகிற அந்த இடைவெளியில் இன்ஜின் ஏறக்குறைய 1000 சுற்று இறங்கியாக வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் அது தானாக இறங்கும். ஆனால் அவசரத்தில் காலை அரைகுறையாக எடுத்துவிட்டு, கிளட்ச் பிடிக்கும் முன்பே மறுபடி ரேஸ் கொடுக்கிறோம், இன்ஜின் "வ்ர்ரூம்" என்று எகிறுகிறது, அந்த வித்தியாசம் முழுவதையும் பாவம் பிளேட்தான் உரசி உரசிச் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. கை எவ்வளவு வேகமாகப் போனாலும் பரவாயில்லை, வலது கால் முந்தக் கூடாது. பெடலை வேகமாக மிதித்து, வேகமாக விட்டு, கிளட்ச் பிடிக்கிற இடத்தில் மட்டும் ஒரு கணம் மென்மையாக விட்டு, அப்புறம் ரேஸ் கொடுங்கள்.

லீவரை மட்டும் அடித்துத் தள்ளாதீர்கள். கியர்பாக்ஸுக்குள் இருக்கிற சின்க்ரோ வளையம் வேகத்தைச் சமப்படுத்த கொஞ்சம் அவகாசம் வேண்டும். அது தேய்ந்தால் கியர் விழும்போது "கர்ரக்" என்று கேட்கும், செலவும் கிளட்ச் செலவோடு நிற்காது.

கியரைக் குறைக்கும்போது கணக்கு தலைகீழ். கொல்லிமலை ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன்னால் தேர்டிலிருந்து செகண்டுக்கு வரும்போது இன்ஜின் சுற்று ஏற வேண்டும். சும்மா பெடலை விட்டால் வண்டி குலுங்கும், இன்ஜினை இழுத்து ஏற்றுகிற வேலை பிளேட் தலையில் விழும். முதலில் பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, செகண்ட் போட்டு, பெடலை விடும்போது வலது காலால் லேசாக ஒரு ரேஸ். பழகிவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கியர் மாறியது தெரியாது. இதைவிட மோசம், கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டுத் தேர்டிலேயே ஹாஃப் கிளட்சில், அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே, வளைவை ஏறுவது. கருகின வாடை வருவதே அதனால்தான். மேட்டில் நிற்கவேண்டி வந்தாலும் கிளட்சில் தாங்கிப் பிடிக்காமல் ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஓடும்போது இடது காலை பெடல் மேல் சாய்த்து வைக்கிற பழக்கம் மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்துக் காலி பண்ணும்.

பிளேட் தேய்ந்துவிட்டதா என்று சந்தேகமா? காலியான ரோட்டில் ஃபோர்த் கியரில் மிதமான வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். ஆர்பிஎம் எகிறி, வேகம் ஏறவில்லை என்றால் வழுக்குகிறது, மாற்ற வேண்டியதுதான். கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற முடியும் என்பதால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கூலியை இரண்டு தடவை கொடுப்பீர்கள். மூடுவதற்கு முன்னால் ஃப்ளைவீல் முகத்தில் சூடேறி நீலம் பாய்ந்திருக்கிறதா, கோடு விழுந்திருக்கிறதா என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வணக்கம்.