கேமராவின் முன் கோபப்படும் உரிமை

அவையோருக்கு வணக்கம்.

சீனத்தில் ‘நான் யார், எவ்வூருக்கு உரியவன்’ என்று வினவும் ஆவணப்படங்கள் பல இருப்பினும், இங்கே இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஃபான் லிசின் இயக்கி 2009-இல் வெளிவந்த ‘லாஸ்ட் டிரெய்ன் ஹோம்’. சிச்சுவான் சிற்றூரில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் குவாங்சோவின் ஆடை ஆலையில் உழைக்கும் தம்பதியர், சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு மட்டும் ஊர் திரும்புகிறார்கள். ஹூகோவ் எனப்படும் வசிப்பிடப் பதிவு கிராமத்தில் இருப்பதால், இத்தகையோர் பிள்ளைகளை நகரத்துப் பள்ளியில் சேர்ப்பது எளிதன்று. படிப்பை விட்டு ஆலைக்குப் போய்விட்ட மகளுக்கும் தந்தைக்கும் விழாக்காலத்தில் கைகலப்பே மூள்கிறது. அப்போது அவள் கேமராவை நோக்கித் திரும்பி, என் உண்மையான முகத்தைத்தானே எடுக்க வந்தீர்கள், இதோ இதுதான் என்று கத்துகிறாள்.

இரண்டாவது, சீனாவின் வடமேற்கிலுள்ள சிஞ்சியாங்கின் ஹோத்தனில் பிறந்தவரும், அங்கு வாழும் உய்குர் எனும் முஸ்லிம் சிறுபான்மை இனத்தவருமான ஒளிப்படக் கலைஞர் குர்பான்ஜான் சமத் 2014-இல் நூலாக வெளியிட்டு, பின்னர் ஆவணத் தொடராகவும் ஆக்கிய ‘நான் சிஞ்சியாங்கிலிருந்து வருகிறேன்’. தலைப்பே, யாரோ ஐயத்துடன் கேட்ட கேள்விக்குச் சொன்ன விடை போல ஒலிக்கிறது. அவ்வாண்டு மார்ச்சில் குன்மிங் ரயில் நிலையத்தில் 31 பேர் வெட்டிக் கொல்லப்பட்டு, பழி உய்குர்கள் மீது விழுந்தபின், உய்குர் என்றாலே பலரும் விலகி நின்ற காலம் அது. அதில் வருவோர் உழைப்பாளிகள், முன்னேறத் துடிப்பவர்கள், நம்மைப் போன்றவர்கள் என்று நம்மை நம்பவைக்க அந்தப் படைப்பு முயல்கிறது. வாடகைக்கு வீடு கேட்டு வீட்டுக்காரர் முன் நிற்பவரின் பணிவு அதில் தெரிகிறது. அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சிச்சுவான் பெண்ணைப் போல் ஓர் உய்குர் பெண் அதில் கத்தியிருக்க முடியுமா என்பதே என் கேள்வி. சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் குடும்பத்தின் சண்டை குடும்பச் சண்டையாகவே பார்க்கப்படும். உய்குரின் கோபமோ ஓர் இனத்தின் குணமாகிவிடும்.

2017-க்குப் பிறகு, சிஞ்சியாங்கில் உய்குர்களை அடைத்துவைக்கும் தடுப்பு முகாம்கள் பெருகிய நிலையில், இந்தப் பணிவுக்கும் இடமில்லாமல் போயிற்று. தூத்தார் எனும் இருநரம்பு இசைக்கருவியை மீட்டும் உய்குர் கலைஞர் அப்துரெஹிம் ஹெய்த் காவலில் இறந்துவிட்டார் என்று 2019 பிப்ரவரியில் துருக்கி அறிவித்தது. மறுநாளே சீன ஊடகம் அரை நிமிடம்கூட நீளாத ஒரு காணொளியை வெளியிட்டது. அதில் அவர் அன்றைய தேதியைச் சொல்கிறார். தாம் விசாரணையில் இருப்பதாகவும், நலமாக இருப்பதாகவும், எவரும் தம்மைத் துன்புறுத்தவில்லை என்றும் சொல்கிறார். வெளிநாடுகளில் வாழும் உய்குர்கள் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் பெற்றோரின் காணொளிகளையும் காட்டுங்கள் என்று இணையத்தில் கேட்கத் தொடங்கினார்கள்.