போர்ட் லூயிஸ் பஜாரில் சைவம் சாப்பிடலாமா?

அடுத்த கேள்வி மதுரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டது: "அப்பா அம்மாவோடு மொரிஷியஸ் வருகிறோம். மூவரும் சைவம். போர்ட் லூயிஸ் மத்திய சந்தையில் தைரியமாகச் சாப்பிடலாமா?"

தாராளமாகச் சாப்பிடலாம். இந்த பஜாருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பண்டங்களில் பாதிக்கு மேல் சைவம்தான். காலையிலேயே போய்விடுங்கள், அதுவும் விடுதியில் வயிறு முட்டச் சாப்பிடாமல். ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள்.

முதலில் டோல் பூரி. இதை எண்ணெயில் பொரிப்பதில்லை. நம் பருப்புப் போளியில் வெல்லத்தை எடுத்துவிட்ட மாதிரி இருக்கும். மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்துப் பொடித்து, மாவுக்குள் வைத்து மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் சுடுவார்கள். இரண்டு சேர்ந்ததுதான் ஒரு பங்கு. அதில் டபுள் பீன்ஸ் குழம்பு, ருகாய் என்கிற தக்காளித் தொக்கு, அச்சார், மிளகாய்ச் சட்னி எல்லாம் வைத்துச் சுருட்டித் தருவார்கள். கடை வாசலிலேயே நின்று சாப்பிடுங்கள். பொட்டலம் கட்டி விடுதிக்கு எடுத்துப் போனால் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும், அந்த ருசியே போய்விடும்.

அப்புறம் காத்தோ பிமான். பார்த்த உடனே அம்மா பருப்பு வடை என்பார், சரிதான். 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்தவர்களோடு வந்த பண்டம் அது. இங்கே வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்தும் சாப்பிடுவார்கள், அப்படியும் ஒன்று கேட்டு வாங்குங்கள். அந்த மக்கள் கப்பலிலிருந்து இறங்கிய ஆப்ரவாசி காட் பஜாரிலிருந்து நடக்கும் தூரம்தான். 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. பெற்றோரோடு வருகிறீர்கள், அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

குடிக்க அலூடா: குளிர்ந்த பால், சப்ஜா விதை, அகர் அகர். அகர் அகர் கடற்பாசியில் எடுப்பது, கவலையில்லை. ஜெலட்டின் சேர்க்கிறார்களா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் வறுத்த நூடுல்ஸ். முட்டையோ மீன் சாஸோ இருக்கும். சில சட்னிகளில் காய்ந்த இறாலும் உண்டு. சமோசா வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது, அதே எண்ணெயில் கறி சமோசாவும் பொரிக்கிறார்களா என்று கேளுங்கள். "சான் வியான்" என்றால் இறைச்சி இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் மீனையும் முட்டையையும் தனியாகக் கேட்கத்தான் வேண்டும்.

வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாட்டை பஜாரில் தேடாதீர்கள். அது கோயில் விசேஷத்திலும் கல்யாணத்திலும் போடுவது. அப்பாவுக்குக் காரம் ஆகாது என்றால், சுருட்டுவதற்கு முன்பே "திகித் பிமான்" என்று சொல்லிவிடுங்கள், மிளகாயைக் குறைத்து வைப்பார்கள்.