டிரம்மின் மேல் ஒட்டிய தாள்

நேயர்களுக்கு வணக்கம்.

இரசாயன இறக்குமதித் தொழிலில் பல வருடங்கள் இருந்தவன் நான். கிடங்கில் நீல நிற டிரம்கள் வரிசையாக நிற்கும். ஒன்றில் கிளிசரின், பக்கத்தில் டைஎத்திலீன் கிளைக்கால். இரண்டையும் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி வைத்தால் எது எதுவென்று சொல்லவே முடியாது. நிறம் கிடையாது, கொழகொழப்பு, இனிப்பு. தூக்கிப் பார்த்தால் மட்டும் சின்ன வித்தியாசம்: கிளிசரின் லிட்டருக்கு 1.26 கிலோ, மற்றது 1.12 கிலோ. கிளிசரின் இருமல் மருந்துக்குப் போகும். மற்றது பிரேக் ஆயிலுக்கும் ரெசினுக்கும். விலை குறைவு, ஆனால் குடித்தால் சிறுநீரகம் போய்விடும்.

பனாமாவுக்குப் போன 46 டிரம்களைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறாது. சீனாவில் ஒரு சிறு ஆலையில் கிளம்பிய சரக்கு அது. பெய்ஜிங் வியாபாரி, பார்சிலோனா இடைத்தரகர், பிறகு பனாமா என்று கை மாறியது. வழியில் சான்றிதழை மாற்றி எழுதினார்கள், சரக்கைச் செய்த ஆலையின் பெயரே அதில் இல்லாமல் போனது. 'கிளிசரின், தூய்மை 99.5 சதவீதம்' என்ற வரி மட்டும் அப்படியே கடைசி வரை வந்தது. உள்ளே இருந்ததோ டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த சரக்கு. வாங்கியவர் ஒருவர்கூட மூடியைத் திறந்து சோதிக்கவில்லை. 2006-இல் அது அரசு மருந்துக்கூடத்தில் சளி மருந்தானது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

சரி, எங்கோ தூரத்தில் நடந்தது என்று இருந்துவிட முடியுமா? 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தில் இதே நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது சோதனையில் தெரிந்தது. அனுமதி 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் அதைக் குடித்த பிள்ளைகள் இறந்தார்கள். சோதிக்க வழி இல்லாமல் இல்லை. கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபி கருவியில் ஏற்றினால் அன்றைக்கே தெரிந்துவிடும். அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மருந்துக்குப் போகும் சரக்கின் தாளில், முதலில் செய்த ஆலையின் பெயர் இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்றிரண்டு டிரம் போதாது, ஒவ்வொரு டிரம்மும் சோதனைக்குப் போக வேண்டும்.

அப்புறம், பனாமாவில் அடுத்த வருடம் நடந்தது ஒன்று. ஓர் அரசு ஊழியர் கடையில் மலிவான பற்பசையை எடுத்து, அட்டையில் இருந்ததை வாசித்தார். பொருள்களின் பட்டியலில் டைஎத்திலீன் கிளைக்கால் என்று அச்சாகியே இருந்தது! முந்தின வருடச் சாவுகளால் அந்தப் பெயர் அவர் மனதில் பதிந்திருந்தது. ஒன்றை வாங்கிக்கொண்டுபோய் சுகாதார அதிகாரிகளிடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு நாடாக அந்தப் பற்பசையைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள்.